குழி விழுந்த பைப்

சைலன்சர் கடை முதலாளி ஒரு பைப்பைக் கொண்டுவந்து பொறியின் மேசையில் வைத்தார். "பெரிய கராஜ்லேருந்து ஆர்டர். இதே மாதிரி ஒரு டஜன் வேணுமாம். அச்சு அசலா இருக்கணும்."

பொறி என்பது அங்கே வெல்டிங் செய்யும் பெண்ணின் பட்டப்பெயர். வெல்டிங் வைக்கும்போது பறக்கும் பொறி பாதி, எடுத்ததற்கெல்லாம் சுள்ளென்று விழும் குணம் பாதி. கடையில் யாரோ விளையாட்டாக வைத்தது அப்படியே ஒட்டிக்கொண்டது. அவள் பைப்பைக் கையிலெடுத்துத் திருப்பினாள். பெற்ற பிள்ளையை முன்பின் தெரியாதவர் இடுப்பில் பார்த்தால் எப்படி இருக்கும்? அது அவள் செய்த பைப். ஒட்டு அவள் கை ஒட்டு. நடுவில் அந்தக் குழியும் இருந்தது.

அப்பாவிடம் ஒரு பழைய சின்னக் கார் உண்டு. மேட்டில் ஏறினால் நடந்து போகிறவர்கள் நலம் விசாரித்துக்கொண்டே கூட வருவார்கள். அதற்கு டர்போ பூட்டியே தீர்வது என்று அவளும் தம்பியும் கிளம்பினார்கள். பழைய இரும்புக் கடையில் நொறுங்கிக் கிடந்த டீசல் வேனிலிருந்து டர்போவைக் கழற்றினார்கள். நத்தை ஓடு மாதிரி சுருண்ட இரும்பு அது. எஞ்சின் வெளியே துப்பும் புகையின் வேகத்திலேயே சுற்றி, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும். அந்தக் காற்றைக் குளிரவைக்கும் தட்டு வேறொரு வண்டியிலிருந்து வந்தது. இரண்டையும் சேர்க்கும் பைப்பை, சைலன்சர் பைப்பின் வெட்டுத் துண்டுகளைக் கொண்டு அவள் ஒட்டினாள். முதல் தடவை ஆயில் திரும்பி வரும் குழாயை மேடாக வைத்துத் தொலைத்தார்கள். தெரு முழுக்க வெள்ளைப் புகை. எதிர்வீட்டம்மா எட்டிப் பார்த்து, "ஒரு கொசு இல்ல, ரொம்ப நன்றி" என்று சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தினார்.

வண்டி ஒழுங்காக ஓடத் தொடங்கிய சூட்டிலேயே தம்பி அதை ஒரு தூணில் கொண்டுபோய் இடித்தான். முன்பக்கக் குறுக்குக் கம்பி உள்ளே வளைந்து, பைப் போக இடமில்லாமல் ஆனது. "அப்பாவுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னே போட்டுடுவாரு அக்கா" என்று நின்றான். அழவில்லை, அவ்வளவுதான். அவள் போய், "நான்தான்பா இடிச்சேன்" என்றாள். அப்பா கத்தியதோடு விடவில்லை. அன்று பிடுங்கிய கார் சாவி தம்பி கைக்குப் போனது, அவள் கைக்குத் திரும்ப வரவே இல்லை. பிறகு அவளே பைப்பில் மணலை அடைத்து, சிவக்கக் காய்ச்சி, வளைந்த கம்பி உட்காரும் அளவுக்குச் சுத்தியலால் ஒரு குழி இறக்கினாள். காற்றுக்கு அது இடைஞ்சல்தான், காசுக்குப் பிரயோசனமில்லை. தம்பியின் தப்பு உட்கார அவள் போட்டுக்கொடுத்த இடம் அது.

பின்தெருவில் பூட்டிக் கிடக்கும் ஷெட்டைப் பிடித்து இருவரும் கடை வைப்பதாகப் பேச்சு. 'அக்கா தம்பி டர்போ' என்று போர்டுகூட எழுதி அலமாரிக்குப் பின்னால் சாத்தியிருந்தார்கள். "உன் கை, என் வாய். வேற என்ன வேணும்?" என்பான். அதுவரை சும்மா இருப்பானேன் என்று பெரிய கராஜில் ஆயில் மாற்றும் வேலைக்குச் சேர்ந்திருந்தான். கார் பெயின்டுக்கு விட்டிருக்கிறது என்று சொல்லிக் கொஞ்ச நாளாக அதை வீட்டுப் பக்கமே கொண்டுவரவில்லை.

"முதலாளி, இந்தக் குழி எதுக்கு? இல்லாமலே செய்யலாமே."

"ஐயையோ, அதுல கை வச்சிடாத. குழிதான் விசேஷமே. காத்து அதுல சுத்திக்கிட்டு போகுமாம். அங்க புதுசா ஒருத்தன் வந்திருக்கான், டர்போவைக் கரைச்சுக் குடிச்சவனாம். அவனோட கண்டுபிடிப்பு. சின்னக் காருக்கெல்லாம் இதே செட்டுதான் போடப் போறாங்க."

கூட இருந்தே குழி பறிப்பது என்பார்கள். இங்கே வெட்டியதும் அவள், விழுந்ததும் அவள். பறித்தவன் கையில் மண்கூட ஒட்டவில்லை. அன்று சாப்பிடும்போது தம்பியிடம் சாதாரணமாகக் கேட்டாள்.

"வண்டியில பைப் தாங்குதாடா?"

"கல்லு மாதிரி இருக்கு. ஏன்?"

"சும்மாதான். ஷெட்டுக்காரர்கிட்ட பேசினியா?"

"பேசுறேன், பேசுறேன். அவசரப்பட்டா ஆகுமா?" அவன் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

'ஆமா அக்கா, கொடுத்துட்டேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், வீடு இரண்டாகும்படி கத்திவிட்டு மன்னித்திருப்பாள். தன்னைப் பற்றி அவளுக்கே அது தெரியும். ஆத்திரம் ஆத்திரமாக வந்ததும் அதனால்தான்.

ஒரு டஜன் பைப்பையும் செய்து முடித்தாள். எல்லாவற்றிலும் குழி, அச்சு அசலாக. முதல் குழியைப் பாசத்தில் இறக்கினாள். மற்றவற்றை எதில் இறக்கினாள் என்று கேட்காதீர்கள். சுத்தியலின் பிடி பிளந்துவிட்டது. முதலாளி ஆள் அனுப்புகிறேன் என்றதற்கு, தானே கொண்டுபோவதாகச் சொல்லிக் கிளம்பினாள்.

கராஜ் வாசலிலேயே அப்பாவின் கார் புதுப் பெயின்டில் மினுங்கிக்கொண்டு நின்றது. உள்ளே தம்பி, கராஜ் பெயர் போட்ட சட்டையில், டர்போ பூட்ட வந்திருந்த, கண்ணாடி போட்ட ஓர் இளைஞனுக்கு விளக்கிக்கொண்டிருந்தான். "இந்தக் குழியிலதான் சார் சூட்சுமமே." நிமிர்ந்தவன் அவளைப் பார்த்தான். முகம் செத்துவிட்டது.

"யாருப்பா இவங்க?" என்றார் பக்கத்தில் நின்ற கராஜ்காரர்.

"சைலன்சர் கடையில வெல்டிங் பண்றவங்க சார்." பிறகு அவளிடம், "வாங்க. அப்படி ஓரமா வச்சிட்டுப் போங்க."

வாங்க. போங்க. பேச்சு வந்த நாளிலிருந்து அவன் அவளை நீ, வா, போ என்றுதான் சொல்லியிருக்கிறான். கோபத்தில் 'போடி' என்றதும் உண்டு. அதில்கூட ஒரு சொந்தம் இருந்தது. இந்த மரியாதை செருப்பால் அடித்ததுபோல் விழுந்தது. அவள் பைப்புகளை அவன் சொன்ன ஓரத்திலேயே வைத்தாள்.

கண்ணாடிக்காரன் ஒன்றை எடுத்துப் பார்த்தான். "அக்கா, செய்றது நீங்கதானா? ஒட்டு எவ்வளவு சுத்தமா இருக்கு! நிஜமாவே இந்தக் குழியால வேகம் ஏறுமா?"

தம்பி அவளைப் பார்த்தான். தூணில் இடித்துவிட்டு வந்து நின்ற அதே பார்வை. ஒரு தடவை அந்தப் பார்வைக்கு இரங்கித்தான் சாவியை இழந்தாள்.

"ஏறாதுங்க. முன்கம்பி வளைஞ்ச வண்டிக்கு மட்டும்தான் குழி வேணும், இல்லன்னா பைப் உள்ள போகாது. உங்க கம்பி நேரா இருந்தா இது வீண் இடைஞ்சல்."

"கம்பி எப்படிம்மா வளையும்?" என்றார் கராஜ்காரர்.

"தூண்ல இடிச்சா வளையும் சார். வாசல்ல நிக்கிற வண்டியைக் குனிஞ்சு பாருங்க. இடிச்சவர் உங்க பக்கத்துலதான் நிக்கிறார்."

கராஜ்காரர் வாசலுக்குப் போய்க் குனிந்தார்.

"அக்கா..." என்றான் தம்பி. சின்னப் பிள்ளைக் குரல். உள்ளே நுழைந்ததிலிருந்து அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தாள். வலிக்கவில்லை என்றால் பொய். இருந்தும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே தன்னை முதலில் அக்கா என்று கூப்பிட்ட கண்ணாடிக்காரனிடம் போனாள்.

"வாங்க தம்பி," என்றாள். "உங்க வண்டி எங்க நிக்குது?"