ஜாசினில் ஓடிய இஞ்சின்

மஸ்ஜித் தானாவில் சாவியைத் திருப்பினால் ஜாசினில் இஞ்சின் ஓடியது. கார் மஸ்ஜித் தானா என்ற ஊரில், ஜமீலின் பட்டறையில் நின்றது. சத்தம் ஒரு மணி நேரத் தூரத்துக்கு அப்பால், மோகனா வீட்டுப் போர்ச்சில் கேட்டது. அந்தப் போர்ச்சில் கார் எதுவும் இல்லை. ஒரு வாளி, ஒரு துடைப்பம், கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணி, அவ்வளவுதான். இது நடந்தது தீபாவளிக்கு முந்திய வெள்ளிக்கிழமை. அந்த வாரம் கோழி விலை ஏறியிருந்தது, ஜாசின் சந்தைக்கு முருங்கைக்காய் வரவே இல்லை. ஊரில் முதலில் அந்த இரண்டைப் பற்றித்தான் பேசிக்கொண்டார்கள். இஞ்சின் விஷயம் மறுநாள்தான் பேச்சுக்கு வந்தது.

காருக்குச் சொந்தக்காரன் யுகேந்திரன், மோகனாவின் கணவன். தங்கா பத்துப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. ஜாசினிலிருந்து தினம் போய்வருவது முதுகை ஒடிக்கிறது என்று மஸ்ஜித் தானாவில் ஒரு கடைக்கு மேலே அறை எடுத்தான். லீவு நாளில் வீட்டுக்கு வந்தான். பிறகு நோய்க்காலம் வந்தது, மாவட்டம் விட்டு மாவட்டம் போகக்கூடாது என்று சாலையை மறித்தார்கள், அவனும் அங்கேயே இருந்துவிட்டான். தடுப்பை எடுத்த பிறகு முதல் வாரம் உடம்பு சரியில்லை, அடுத்த வாரம் ஓவர்டைம், அதற்கடுத்த வாரம் மழை. அப்படியே வருஷங்கள் போய்விட்டன. யுகேந்திரன் கெட்டவன் இல்லை, தள்ளிப் போடுகிறவன். கெட்டவனாக இருந்தால் மோகனா அவனைத் திட்டித் தீர்த்து ஆறியிருப்பாள். சண்டை போட்டுப் பிரிந்தவர்கள் பாடு தேவலை, யாராவது ஒருவர் மன்னிப்புக் கேட்டால் பேச்சு தொடங்கிவிடும். இவர்களுக்குள் சண்டையே இல்லை. பிள்ளைகளும் இல்லை, நடுவில் நின்று தூது போக. மாதா மாதம் சம்பளத்தில் பாதி அவள் பேருக்குப் போய்க்கொண்டிருந்தது. போனில் பேச்சு மட்டும் குறைந்து குறைந்து, ஒரு நாள் நின்றேவிட்டது.

அந்த வருஷம் தீபாவளிக்குப் போய்விடுவது என்று யுகேந்திரன் முடிவு செய்தான். பஸ்ஸில் போயிருக்கலாமே என்று கேட்கிறவர்கள் அவன் நிலைமையில் இருந்து பார்த்ததில்லை. பஸ்ஸில் போனால் கையில் பையோடு வாசலில் நின்று கூப்பிட வேண்டும், அது உள்ளே விடச் சொல்லிக் கேட்டு நிற்பது. காரில் போனால் போர்ச்சில் நிறுத்தி, கதவைச் சாத்திவிட்டு உள்ளே போகலாம், வேலை முடிந்து வந்தவன் மாதிரி. ஆனால் கார் பழையது. பட்டறைப் போர்மென் ஜமீல் இஞ்சின் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான்.

“அண்ணே, இந்த டைமிங் பெல்ட்டோட ஜாசின் போனீங்கன்னா பாதி வழியில அறுந்துரும். அறுந்துச்சுன்னா இஞ்சினே காலி லா. மாத்திட்டுப் போங்க.”

வெள்ளிக்கிழமை வேலை நடந்தது. ஜமீல் புது பெல்ட்டை மாட்டினான், பெல்ட் ஓடுகிற மேல் சக்கரத்துக் கோட்டையும் கீழ்ச் சக்கரத்துக் கோட்டையும் நேருக்கு நேர் வைத்தான். அதற்குள் ஜும்ஆ தொழுகைக்கு நேரமாகிவிட்டது. கையைக் கழுவிக்கொண்டே யுகேந்திரனிடம் ஸ்பேனரைக் கொடுத்து, “கீழ்ச் சக்கரத்துல இதைப் போட்டு மெதுவா ரெண்டு சுத்து சுத்தி வைங்க அண்ணே, இந்தப் பக்கமா. கோடு நேரா வருதான்னு பாத்துக்குங்க. நான் பள்ளிக்குப் போயிட்டு வந்துர்றேன்,” என்று கையால் சுற்றிக் காட்டிவிட்டுப் போனான். அவன் காட்டியது இடப்பக்கம். அந்த ஜப்பான் இஞ்சின் மற்ற இஞ்சின்களைப் போல வலமாகச் சுற்றாது, இடமாகச் சுற்றுகிற ஜாதி. யுகேந்திரன் ஸ்பேனரை மாட்டிவிட்டு யோசித்தான். இடமாகச் சுற்றுவது சுடுகாட்டில் கொள்ளிக் குடத்தோடு. வருஷக்கணக்காகப் போகாத வீட்டுக்கு, தீபாவளியும் அதுவுமாகப் போகிற வண்டியை முதன்முதலாகச் சாவுச் சுற்றா சுற்றுவது? பாய்க்கு நம் பழக்கம் தெரியாது என்று அவனே சமாதானம் சொல்லிக்கொண்டு, பிள்ளையார் கோயிலைச் சுற்றுவது போல வலமாக மூன்று சுற்று சுற்றினான். மூன்றோடு கோடு நேராக வரவில்லை என்று இன்னொன்றும் சுற்றினான். நடுவில் பெல்ட் தளர்ந்து டக்கென்று ஏதோ நழுவியது. சாமி ஏற்றுக்கொண்டார் என்று எடுத்துக்கொண்டான். ஒரு பல் தள்ளி நிற்பது கண்ணாடி போடாத கண்ணுக்குத் தெரியவில்லை.

ஜமீல் திரும்பி வந்து, சுற்றியாகிவிட்டதா என்று கேட்டான், ஆகிவிட்டது என்று இவன் சொன்னான். மூடிகள் ஏறின. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். யுகேந்திரன் உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். ஸ்டார்ட்டர் இரண்டு முறை இருமியது, பிறகு சத்தமே இல்லை. ஆனால் சுற்று காட்டும் முள் மட்டும் ஓடுகிற காருக்கு நிற்கிற இடத்தில் நின்றது. ஜமீல் பானெட்டைத் திறந்தான். உள்ளே எதுவும் அசையவில்லை. பேட்டரி பார்த்தான், பிளக்கைக் கழற்றிப் பொறி பார்த்தான், பம்ப் ஓடுகிறதா என்று டாங்கிப் பக்கம் காதை வைத்தான், சென்சார் வயரைப் பிடுங்கித் துடைத்து மாட்டினான். எல்லாம் ஒழுங்காக இருந்தன. புகைக்குழாய் பச்சைத்தண்ணீராகக் குளிர்ந்து கிடந்தது, டாங்கியில் எவ்வளவு பெட்ரோல் என்று காட்டும் எண்ணெய் முள் மட்டும் கண்ணெதிரே இறங்கியது. “எண்ணெய் குறையுது, இஞ்சின் ஓடல. இந்த எண்ணெய் எங்கதான் போகுது அண்ணே?” என்று ஜமீல் கேட்டான்.

ஜாசினில் மோகனா அப்போது அரிசி களைந்துகொண்டிருந்தாள். இஞ்சின் சத்தம் கேட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு கொதிக்கிற பாத்திரத்தை இறக்கினாள், தேத்தண்ணிக்கு வைத்தாள், முன்கதவைத் திறந்தாள். இதையெல்லாம் அவள் யோசித்துச் செய்யவில்லை. போர்ச் காலியாக இருந்தது. சத்தம் மட்டும் ஓடியது, புகை நாற்றம் வந்தது, சிமெண்டுத் தரையிலிருந்து சூடு ஏறியது. பக்கத்து வீட்டு அன்னம்மா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

“யுகேன் வந்துட்டானா மோகனா?”

“சத்தம்தான் வந்திருக்கு அக்கா.”

அன்னம்மா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, அவன் வண்டிதான் என்று உறுதி சொல்லிவிட்டுத் துணி எடுக்கப் போனாள். மோகனா போன் போட்டாள். பல வருஷத்துக்குப் பிறகு அவளாகப் போட்ட முதல் போன் அது.

“ஒங்க கார் இங்க ஓடுது.”

“கார் இங்கதான் நிக்குது மோகனா. ஓடத்தான் மாட்டேங்குது.”

“ஓடுதுன்னு சொல்றேன். நிறுத்துங்க லா, காயப்போட்ட துணியெல்லாம் பொகை அடிக்குது.”

யுகேந்திரன் சாவியைத் திருப்பினான். “நின்னுருச்சு,” என்றாள் அவள். இருவரும் போனை வைத்துவிட்டார்கள்.

தீபாவளி வந்தது, போனது, கார் நகரவில்லை. ஜமீல் பண்டிகை நாளில் பட்டறைச் சாவியை அவனிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். யுகேந்திரன் புதுச் சட்டையோடு வந்து காரில் உட்கார்ந்து, துணி காயப்போடுகிற நேரம் தாண்டியாகிவிட்டது என்று கணக்குப் பார்த்து, சாவியைத் திருப்பினான். போன் வரவில்லை. நிறுத்தச் சொல்லவில்லை என்பதே அவனுக்குப் பெரிய பலகாரமாக இருந்தது. அதன் பிறகு வேலை முடிந்ததும் சாயங்காலம் பட்டறைக்கு வருவது வழக்கமாகிவிட்டது. சத்தமில்லாத காரில் உட்கார்ந்து அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பான். எண்ணெயை ஜாடியில் வாங்கிவந்து ஊற்றுவான். ஜமீல் காரை ஓர் ஓரமாகத் தள்ளிவிட்டு மற்ற வேலையைப் பார்த்தான்.

ஜாசினிலும் பழகிவிட்டது. மோகனா துணிக்கொடியைப் பின்பக்கம் மாற்றினாள். போர்ச்சுக்கு ஒரு நாற்காலி போட்டாள், சத்தம் வரும் நேரத்துக்கு அதில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். அன்னம்மாவின் பூனை பானெட் இருக்க வேண்டிய உயரத்தில், அடியில் ஒன்றுமில்லாமல், சூட்டுக்குச் சுருண்டு படுத்துத் தூங்கியது. யாரோ புகார் கொடுத்து நகராண்மைக் கழகத்திலிருந்து ஒருவர் வந்தார். வண்டி எண் இல்லாத சத்தத்துக்கு யார் பேரில் நோட்டீஸ் கொடுப்பது என்று தெரியாமல், தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். அந்தத் தாமான் குடியிருப்பில் யாரும் அந்த வாசலை மறித்து வண்டி நிறுத்துவதில்லை. ஒரு வருஷம் இப்படியே போயிற்று, கோழி விலை இறங்கி மறுபடியும் ஏறியது.

ஒரு நாள் மோகனா இரண்டாம் முறையாகப் போன் போட்டாள். “நின்ன எடத்துல ஓடும்போது சத்தம் ரொம்ப நடுங்குது. ஜமீல் பாய்கிட்டச் சொல்லுங்க.” ஜமீல் போனை வாங்கி, மோகனாவை அவள் போனைச் சத்தத்துக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னான். யுகேந்திரன் மஸ்ஜித் தானாவில் எண்ணெயை மிதித்து வேகம் கூட்டினான், மோகனா ஜாசினில் போனை வெறும் காற்றில் முன்னும் பின்னும் நீட்டினாள், ஜமீல் கண்ணை மூடிக் கேட்டான். இத்தனை மாதம் கண்ணால் பார்த்துக் கிடைக்காதது காதில் கிடைத்தது.

“ஒரு பல்லு தள்ளி நிக்குது. அண்ணே, அன்னிக்கு எந்தப் பக்கமா சுத்துனீங்க?”

யுகேந்திரன் காரணத்தோடு சொன்னான். ஜமீல் கோபப்படவில்லை, பெருமூச்சு விட்டான். கழற்றி ஒரு பல் திருப்பி வைத்தால் இஞ்சின் இங்கேயே ஓடும், நாளைக்கே ஜாசின் போகலாம் என்றான். யுகேந்திரனுக்குச் சந்தோஷம் வரவேண்டும், பயம்தான் வந்தது. கார் ஓடிக்கொண்டிருந்த வருஷங்களில் அவன் அந்த வீட்டுக்குப் போகவில்லை. ஓடாத இந்த வருஷத்தில்தான் தினமும் போயிருக்கிறான். ஆனாலும் இனித் தள்ளிப் போட ஒரு சாக்கும் மிச்சமில்லை. சரி பண்ணு பாய் என்றான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வழக்கமாகச் சத்தம் போகிற நேரத்துக்கே, கார் ஜாசினுக்குப் போய்ச் சேர்ந்தது. யுகேந்திரன் போர்ச்சில் நிறுத்தினான். பழைய நாளில் சத்தம் கேட்டாலே கதவு திறக்கும். இப்போது திறக்கவில்லை. உள்ளே குழாயில் தண்ணீர் விழுந்தது, மோகனா ஏதோ முணுமுணுத்தபடி பாத்திரம் கழுவினாள். வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த அன்னம்மா, தினம் கேட்கிற சத்தம்தானே என்று தலையைத் தூக்காமலே மேலும் பெருக்கினாள். சத்தம் வந்தால் யாரோ வருகிறார்கள் என்று இப்போது அந்த வீட்டில் அர்த்தமில்லை. யுகேந்திரன் ஓடுகிற காருக்குள் உட்கார்ந்தே இருந்தான். கடைசியில் இஞ்சினை நிறுத்தினான். நிறுத்தியதும் மோகனா ஈரக்கையோடு ஓடி வந்தாள், ஏன் அதற்குள் நின்றது என்ற கவலை முகத்தில் இருந்தது.

“கார் வந்திருக்கு,” என்றாள்.

உள்ளே கூப்பிட்டாள். தேத்தண்ணி கொடுத்தாள், இரண்டு கரண்டிச் சீனியோடு. அவன் சீனியை விட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது, சொல்லாமல் குடித்தான். வேலை எப்படி என்று கேட்டாள், பரவாயில்லை என்றான். கூரை ஒழுகுகிறதா என்று கேட்டான், போன வருஷமே ஆள் வைத்துச் சரி பண்ணியாகிவிட்டது என்றாள். பிறகு இருவரும் போர்ச்சுப் பக்கம் பார்த்தார்கள். வெளியே அமைதியாக இருந்தது.

“இனிமே வாரா வாரம் வரட்டுமா?” என்று கேட்டான்.

அவள் காலிக் கோப்பையை ஓரமாக நகர்த்தி வைத்தாள். “பொய் சொல்ல மாட்டேன். நீங்க வந்தா பேசணும். என்ன பேசுறதுன்னு எனக்குத் தெரியல. அந்தச் சத்தம் வரும்போது, நீங்க அங்க ஒக்காந்திருக்கீங்கன்னு தெரியும், நானும் இங்க ஒக்காந்திருப்பேன். அது எனக்கு நல்லா இருந்துச்சு.”

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் அவனுக்கு அதிகம் வலித்தது. தனக்கும் அப்படித்தான் இருந்தது என்று சொல்ல நினைத்து, தலையை மட்டும் ஆட்டினான். சோறு சாப்பிட்டான். இருட்டுவதற்குள் கிளம்பினான். அவள் வாசல்வரை வந்து, பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்துச் சொன்னாள்.

மறுநாள் ஜமீலிடம் போய், பெல்ட்டைப் பழையபடி ஒரு பல் தள்ளிப் போடச் சொன்னான். ஜமீல் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்பேனரை எடுத்தான். இனிமேலும் வேலைக்குப் போய்வரக் கார் வேண்டாமா என்று மட்டும் கேட்டான். பஸ் இருக்கிறது என்றான் யுகேந்திரன். சாயங்காலம் காரில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். ஸ்டார்ட்டர் இருமிவிட்டு அடங்கியது, முள் எழுந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

“வந்துருச்சு,” என்றாள் மோகனா.

“நடுங்குதா?”

“நடுங்குது. இருக்கட்டும், ஓடட்டும்.”