தண்ணீர் மானிட்டர் வராத மூன்று நாள்

1

இந்தக் கதை ஒரு புளுகிலிருந்து பிறந்தது. போன மாதம் ஒரு பத்திரிகைக்காரர், "சமத்துவ உணர்வு உங்களுக்கு எப்போது வந்தது?" என்று கேட்டு எழுதியிருந்தார். "பள்ளிக்கூடத்திலேயே வந்துவிட்டது" என்று பெருமையாகப் பதில் போட்டேன். தபாலில் சேர்த்த பிறகுதான் யோசித்தேன். உணர்வு வந்தது வாஸ்தவம். வந்து என்ன கிழித்தது என்று நான் எழுதவில்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: "1934ஆம் வருஷம், காவிரிக் காற்று வீசும் ஒரு காலையில்..." வேண்டாம். காவிரிக் காற்றுக்கு இதில் வேலை இல்லை.

இரண்டாவது: "கமலவல்லி என்றொரு பெண்..." இதுவும் வேண்டாம். கமலவல்லி நான்தான். பெயரை மாற்றித் தப்பிக்கப் பார்த்தேன்.

சரி. நான் ஸ்ரீரங்கத்துப் பெண். ஜட்காவில் ஆற்றைத் தாண்டி, கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நாலாம் பாரம், இப்போதைய ஒன்பதாம் வகுப்பு, படித்தேன். தாழ்வாரத்தில் ஒரு மண்பானை இருக்கும். அதைத் தொட ஒருத்திக்குத்தான் உரிமை. அவள் பெயர் தண்ணீர் மானிட்டர். எங்கள் வீட்டுப் பெண் மொண்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள் என்று அந்த வேலையை எனக்குக் கொடுத்தார்கள். எல்லோருக்கும் டம்ளரில் கொடுப்பேன். என் வகுப்பு அற்புதம்மாளுக்கு மட்டும் டம்ளர் கிடையாது. ஏந்திய கையில் உயர இருந்து ஊற்றவேண்டும். தரையில் ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றுவேன் என்று டீச்சர் மெச்சுவார்.

(அந்தப் பானையில் நான் ஒரு வாய் குடித்ததில்லை. எனக்கு வீட்டிலிருந்து கூஜா வரும். நான் குடிக்காத தண்ணீருக்கு நான் காவல்! எழுதும்போதே பற்றிக்கொண்டு வருகிறது.)

3

அந்த மாசியில் மூன்று நாள் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. வீட்டுக்குத் தூரம். கொல்லைப்புற அறையில் தனிப் பாய், தனித் தட்டு. தாகம் என்றால் அம்மா வாசற்படிக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பாள்.

"கையை ஏந்துடி. இன்னும் கீழே. மேலே பட்டுடப் போறது."

உயர இருந்து தண்ணீர் விழுந்தது. பாதி முழங்கை வழியாக ஓடிப் பாவாடையை நனைத்தது. அற்புதம்மாளின் தாவணி தினமும் ஏன் ஈரமாக இருந்தது என்று அப்போதுதான் உறைத்தது. நான் தரையில் சிந்தவில்லை. சிந்தியதெல்லாம் அவள்மேல்.

(கதைக்கு வசதியாக ஜோடித்துவிட்டேன் என்று நினைப்பீர்கள். எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. இரண்டு தடவை அடித்துப் பார்த்தேன். நடந்தது அதுதான். ஆனால் அவளும் நானும் ஒன்றென்று சொல்ல வரவில்லை. எனக்கு நாலாம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டால் தீர்ந்தது. அவளுக்கு எந்த நாள்?)

4

நாலாம் நாள் போனேன். அற்புதம்மாள் உதடு வெடித்து உட்கார்ந்திருந்தாள்.

"மூணு நாளா நீ தண்ணியே குடிக்கலையா?"

"நீ வரலையே..."

இல்லை. இது பொய். ஒரே வயது, ஒரே வகுப்பு. ஆனாலும் அவள் என்னை ஒருநாளும் "நீ" என்றதில்லை. திருத்துகிறேன்.

"நீங்க வரலைங்களே. வேற யாரும் ஊத்த மாட்டேன்னுட்டாங்க. சாயங்காலம் பொன்மலைக்கு நடந்து, வீட்டுக்குப் போய்த்தான் குடிச்சேன்."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. பானை நிறையத் தண்ணீர் இருக்கிறது. எதிரே தாகத்தோடு ஒருத்தி இருக்கிறாள். நடுவில் நான் எதற்கு?

"நீயே மொண்டு குடி."

"யாராச்சும் பாத்துட்டா?"

"நான்தான் சொன்னேன்னு சொல்லு. நான் இருக்கேன்."

மொண்டாள். டம்ளரில் குடித்தாள். இரண்டாவது டம்ளரின்போது எங்கள் வகுப்பு வேதவதி பார்த்துவிட்டாள்.

5

மணி அடிப்பதற்குள் பானையை உடைத்துவிட்டார்கள். பெரிய டீச்சர் வகுப்புக்கு வந்தார்.

"யார் சொல்லித் தொட்டே?"

அற்புதம்மாள் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

"தாகமா இருந்துச்சு டீச்சர்."

பெரிய டீச்சர் எங்களைப் பார்த்தார். "தொடச் சொன்னவ யாராவது இருந்தா எழுந்து நிக்கட்டும். இல்லேன்னா இவ பேரை இன்னிக்கே அடிச்சுடுவேன்."

முடிவு அ: நான் எழுந்து நிற்கிறேன். மறுநாள் புதுப் பானை, எல்லோருக்கும் டம்ளர். (பத்திரிகைக்காரருக்கு இது பிடிக்கும்.)

முடிவு ஆ: வகுப்பே எழுந்து நிற்கிறது. (மானங்கெட்ட கற்பனை.)

முடிவு இ: பல வருஷம் கழித்து அவளைச் சந்திக்கிறேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு... (சீ! அவள் தரவேண்டிய மன்னிப்பையும் நானே எழுதிக்கொள்வதா?)

6

அநியாயம் எனக்குப் புரிந்திருந்தது. அரைகுறையாக அல்ல, முழுசாகவே. அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஈரப் பாவாடை வேண்டியிருந்தது. அவளுக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். புரிந்ததை மடியில் கட்டிக்கொண்டு நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

பெரிய டீச்சர் இன்னும் நிற்கிறார். அற்புதம்மாள் புத்தகங்களை அடுக்க ஆரம்பித்துவிட்டாள். இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள். யார் சொன்னது என்று இப்போது உங்களுக்கும் தெரியும்.

நான் எழுந்திருக்கவில்லை. நீங்கள்?