ஏழு நிறத்தானுக்குக் கொடுத்த கழி

தித்திகாகா ஏரியின் மிதக்கும் கோரைத் தீவுகளில், தரை நனைந்தால் புதுக் கோரை வெட்டிப் பரப்பியே ஆக வேண்டும். ஹசிந்தாவின் அண்ணன் கரையில் குடியேறிய பிறகு கோரை வெட்ட ஆளில்லாமல் அவள் வீட்டுத் தரை நொதநொதவென்று கிடந்தது. அந்த வேலையைத் தானாக இழுத்துப் போட்டுக்கொண்டான் பக்கத்துத் தீவு நிக்கானோர். படகு நிறையக் கோரையைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, அதே சூட்டில் அவளிடம் கல்யாணப் பேச்சை எடுத்துவிடுவதாகத் திட்டம். அவன் வாய்தான் பல மாதமாக மக்கர் செய்துகொண்டிருந்தது.

அன்றைக்குப் பாதிப் படகுக் கோரையோடு வந்து நின்றான்.

ஹசிந்தா ஒரு கோரையின் வெள்ளை அடித்தண்டை உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். "என்னப்பா, மீதிய வழியிலயே தின்னுட்டியா?"

"ஒரு தண்டுல ஏழு நிறத்தான் குருவி கூடு கட்டியிருக்கு. சுத்தி வெட்டின பிறகுதான் பாத்தேன். குஞ்சு இருக்கு. அதுக்கு மேல கை ஓடல."

"குருவி மேல பழியா? எங்க, ஏழு நிறத்தையும் சொல்லு பாப்போம்."

"மஞ்சள், பச்சை, கறுப்பு, வெள்ளை... வாலுக்கு அடியில சிவப்பு..." நிக்கானோர் திணறினான்.

"அஞ்சுதான் ஆச்சு. மீதி ரெண்டையும் நீயே பூசிவிடு. வா, காட்டு."

போய்ப் பார்த்தால், மொட்டையாகக் கிடந்த தண்ணீரில் அந்த ஒற்றைத் தண்டு மட்டும் நின்றது. அதில் ஒட்டவைத்த கூம்பு மாதிரி கூடு. காற்று வீசும்போதெல்லாம் தண்டு தண்ணீர் வரைக்கும் சாய்ந்தது. தாயும் தகப்பனும் அலகில் பூச்சியோடு, உட்கார இடமில்லாமல் சுற்றிச் சுற்றிப் பறந்தன.

"அடப்பாவி! அக்கம்பக்கம் பூரா சிரைச்சுட்டு, இத மட்டும் காப்பாத்திட்டேன்னு பெருமையா வந்தியே!"

படகு தள்ளும் நீளக் கழியை அவன் கையிலிருந்து பிடுங்கினாள்.

"ஏய், அது என் கழி..."

"தெரியுது. பேசாம இரு."

தண்டுக்குப் பக்கத்தில் கழியைச் சேற்றில் ஆழ ஊன்றினாள். தன் சடையில் கட்டியிருந்த கம்பளிக் கயிற்றை அவிழ்த்து, தண்டைக் கழியோடு தளர்வாகச் சேர்த்துக் கட்டினாள். தண்டு நிமிர்ந்தது. படகு சற்று விலகியதும் தகப்பன் குருவி கழியின் உச்சியில் இறங்கி, இருவரையும் ஒரு பாட்டம் திட்டிவிட்டுக் கூட்டுக்குத் தாவியது.

திரும்பும்போது தள்ளக் கழியில்லை. ஆளுக்கொரு பக்கம் கையாலேயே துழாவினார்கள்.

"குஞ்சு பறக்குற வரைக்கும் கழி கிடையாது," என்றான் நிக்கானோர். கல்யாணப் பேச்சும் அதோடு போயிற்று என்று அவனுக்கு அழாத குறை. "வேற கழியும் எங்கிட்ட இல்ல. உன் தரைக்குக் கோரை வெட்டப் போக முடியாது."

"அப்ப அதுவரைக்கும் நான் ஈரத்துலயே படுக்கணுமா?"

அவன் இன்னும் வேகமாகத் தண்ணீரைத் துழாவினான்.

"உன் வீட்டுத் தரை காஞ்சிருக்கா இல்லையா? அதையாவது வாயத் தொறந்து சொல்லித் தொலையேன்!"