என் வீட்டுக்காரர் போட்ட ஸ்டூல்

கடையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்க என் வீட்டுக்காரர் தனகோட்டி விட்டால்தானே? மைன்ஸில் பர்மனென்ட் வேலை. அதனாலேயே தனக்குத் தெரியாத தொழில் இல்லை என்று நினைப்பு. "நான் இருக்கும்போது கடை ஸ்டூலா? வூட்டுக்கு வர்றவன் சிரிப்பான்" என்றார். வருகிறவர்கள் பார்த்ததெல்லாம், நான் கவிழ்த்துப் போட்ட பெயின்ட் பக்கெட்டில் உட்கார்ந்து பிளவுஸ் தைப்பதைத்தான். பொங்கல் துணி குவிந்து கிடந்தது. இடுப்பு விட்டுப்போய், படுத்தால் புரள முடியாமல் அழுதிருக்கிறேன். இடுப்பு போனால் தையலும் போச்சு. அப்புறம் எல்லாவற்றுக்கும் அவர் கையை எதிர்பார்த்து நிற்க வேண்டியதுதான். அதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருவழியாகப் பண்ருட்டியிலிருந்து பலாப் பலகை இரண்டும், காலுக்குக் கட்டைகளும், கையால் சுற்றும் டிரில் ஒன்றும் வந்தன. கரண்ட் டிரில் ஏன் கூடாது என்று கேட்டேன். "கையால சுத்தினாத்தான் கோணம் நம்ம சொன்னபடி கேக்கும்" என்றார். கால் விரிந்து நின்றால்தான் ஸ்டூல் கவிழாது, அதற்கு ஓட்டையைச் சாய்த்துப் போடவேண்டும் என்று ஒரு ஞாயிறு முழுக்க எனக்குப் பாடம் நடத்தினார். பிறகு நான்கு ஓட்டையையும் ஒரே பக்கமாகச் சாய்த்துப் போட்டார். கால்களை மாட்டி நிறுத்தினால், ஷிப்ட் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதுபோல் நின்றது. "பலகை சரியில்ல" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். பலகையாம்!

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் இன்னொரு பலகையை நான் எடுத்தேன். அட்டையில் சாய்வாக ஒரு துண்டு வெட்டினேன். கழுத்துக்குத் துணி வெட்டுகிற கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா? பலகையின் அடிப்பக்கத்தில் அட்டையை மூலையைப் பார்க்க நிறுத்தி, அந்தச் சாய்வை ஒட்டியே டிரில்லைப் பிடித்துச் சுற்றினேன். ஒவ்வொரு ஓட்டைக்கும் அட்டையை அந்தந்த மூலைக்குத் திருப்பினேன், அவ்வளவுதான். உள்ளங்கை கொப்பளித்தது. அவர் மாட்டிய கால்களைக் கழற்றி இதில் மாட்டினேன், நாலு மூலைக்கும் விரிந்து நின்றன. உட்கார்ந்து பார்த்தேன், அசையவில்லை.

அடுத்த வாரம் பக்கத்து குவார்ட்டர்ஸ் முனவரா பிளவுஸ் வாங்க வந்தாள். "ஸ்டூல் நல்லா இருக்கே, ஏதுக்கா?" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள், "நாந்தாம்மா போட்டேன். கோணத்துலதான் சூட்சுமமே இருக்கு" என்றார் அவர். கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா?

"அண்ணே, எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்களேன். கீழ ஒக்காந்துகினு காய் அரிஞ்சு முட்டியே போச்சு."

"இப்பவே போடுவாரு" என்று ஒரு துண்டுப் பலகையையும் டிரில்லையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். "மாதிரிக்கு ஒரு ஓட்டை போட்டுக் காட்டுங்க."

முனவரா பார்த்துக்கொண்டிருந்ததால் அவரால் எழுந்து போக முடியவில்லை. டிரில்லை நேராக வைத்தார். இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். கடைசியில் என் பக்கம் குனிந்து, "ஏய் கனகம், எந்தப் பக்கம் சாயணும்?" என்று கிசுகிசுத்தார்.

அது முனவரா காதிலும் விழுந்தது. எனக்குக் கொஞ்சமும் பாவமாக இல்லை.

முனவரா ஸ்டூலின் காலை ஒருமுறை பார்த்தாள், அவரை ஒருமுறை பார்த்தாள்.

"வெளிப்பக்கமா சாயணும்ணே" என்றாள். பிறகு என்னிடம் திரும்பி, "அக்கா, நீங்களே எனக்கு ஒண்ணு போட்டுக் குடுத்துடுங்க" என்றாள்.