நான்காம் அடுக்கின் கரி

ஆறு மணிக்குள் கட்டுரையை அனுப்பியாக வேண்டும். மணி நாலரை. நான் நாற்காலியில் உட்காருவதும் எழுந்திருப்பதுமாக இருந்தேன். கணினித் திரையில் மக்கள்தொகையைக் காட்டும் கோடு சீராக ஏறி வந்து, மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு சட்டென்று விழுந்து, முந்நூறு ஆண்டுகள் எழுந்திருக்காமலே கிடந்தது.

எங்கள் கணக்கு எளிது. தோண்டியெடுத்த கரித்துண்டில் கதிரியக்கக் கார்பன் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்த்து ஆய்வகத்தில் வயது சொல்வார்கள். ஒரு காலத்துக் கரி நிறையக் கிடைத்தால் அப்போது நிறைய அடுப்பு எரிந்திருக்கிறது, நிறையப் பேர் இருந்திருக்கிறார்கள். கரி இல்லையென்றால் ஆள் இல்லை. நாங்கள் தோண்டிய ஆற்றங்கரையில் ஒரு மக்கள்கூட்டமே அழிந்துபோனது என்று நானும் துறைத்தலைவரும் எழுதியிருந்தோம். இது வெளிவந்தால் என் பதினோரு வருடத் தற்காலிக வேலை நிரந்தரமாகும். அவரே வாய்விட்டுச் சொல்லியிருந்தார்.

கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று அகழாய்வுக் குறிப்பேட்டைப் புரட்டியதுதான் வினை. நான்காம் மண்ணடுக்கு, அதாவது அந்த முந்நூறு ஆண்டுகளின் மண்: கரி கிடைக்கவில்லை. என் கையெழுத்து.

அப்போது நான் மாணவி. கரி பொறுக்கி உறையில் போடுவது என் பொறுப்பு. தம்பிக்கு மஞ்சள் காமாலை முற்றிவிட்டது என்று தகவல் வந்ததும் போட்டது போட்டபடி ஓடினேன். பன்னிரண்டு நாள் கழித்துத் திரும்பினால் ஆட்கள் நான்காம் அடுக்கையே தோண்டி முடித்திருந்தார்கள். மண்ணெல்லாம் வண்டியேறிப் போயிருந்தது. திட்டு வாங்கப் பயந்து அந்த வரியை எழுதினேன். யாரும் எடுக்கவில்லை என்றுதான் எழுதியிருக்க வேண்டும்.

தம்பிக்குப் போன் போட்டேன். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கிறான். ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தேன்.

"அப்ப எனக்குக் காமாலை வந்ததுல ஒரு ஊரே காலியாயிடுச்சா?"

"விளையாடாதடா."

"உங்க சார்கிட்ட சொல்லிடேன்."

"வேலை போயிடும்டா."

பின்னால் ஏதோ இன்ஜின் உறுமி அடங்கியது.

"அக்கா, அந்தப் பன்னெண்டு நாளும் நீ என் தலைமாட்டுலயே உக்காந்திருந்தே. எங்கயாவது எழுதி வச்சியா? எழுதலேங்கறதுக்காக நீ வரலேன்னு ஆயிடுமா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் முன்னால் அழுது பழக்கமில்லை, வைத்துவிட்டேன். கீழே கிடங்குக்கு இறங்கிப் போனேன். நான்காம் அடுக்குப் பானை ஓடுகள் மேல்தட்டில், கட்டிய பையோடு அப்படியே இருந்தன. கரியே இல்லாத அடுக்கு, ஓடுகள் மேலடுக்கிலிருந்து சரிந்தவையாக இருக்கும் என்று யாரும் அவற்றைக் கழுவக்கூட இல்லை. முடிச்சு அவிழவில்லை, பல்லால் இழுத்தேன். உள்ளங்கையளவு அடிப்பாகம் ஒன்று வந்தது. திருப்பி, கட்டைவிரலால் மண்ணைத் தேய்த்தேன். விரல் கறுத்தது. அடுப்புப் புகையின் கரி; அந்த முந்நூறு ஆண்டுகளிலும் யாரோ சமைத்திருக்கிறார்கள்.

போன் அடித்தது. துறைத்தலைவர்.

"அனுப்பியாச்சாம்மா?"

"இல்ல சார். கொஞ்சம் கிடங்குக்கு வர்றீங்களா?"

"இப்பவா? மணி என்ன ஆகுதுன்னு பாத்தியா?"

"பாத்தேன் சார். வாங்க."

மாடிப்படியில் அவருடைய செருப்புச் சத்தம் வேகமாக இறங்கியது. நான் விரலைத் துடைக்காமல் நின்றேன்.