கேசவ் முங்காத கடல்

லட்சத்தீவுக்குப் போய் வந்த பதினோராம் நாள், திருவனந்தபுரத்துக் கரமனைக் குடியிருப்போர் சங்கத்தில் கேசவ் பேசுவதாக ஏற்பாடாயிற்று. தலைப்பையும் அவனே கொடுத்திருந்தான்: 'ஆழ்கடலில் நான்.' கேட்டதும் அவன் மனைவி சுப்புலக்ஷ்மி தலையில் அடித்துக்கொண்டாள். அந்த ஆழ்கடலில் அவன் இல்லவே இல்லை.

வங்கி மேலாளரான கேசவுக்கு ஒன்றைச் செய்வதைவிடச் செய்ததாகச் சொல்வதில்தான் ருசி. கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்பே, கடலுக்கடியில் முங்கப் போவதாக வங்கி முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டான். அனுமதிச் சீட்டுக்கு அலைந்ததும், கொச்சியிலிருந்து விமானத்துக்கும் அதற்கப்புறம் படகுக்கும் ஏற்பாடு செய்ததும் தலைமைச் செயலகத்தில் வேலைபார்க்கும் சுப்புலக்ஷ்மி. அவன் செய்ததெல்லாம், கறுப்பு ரப்பர் உடுப்பு ஒன்றை வாங்கிக் கண்ணாடி முன் நின்று போட்டுப் பார்த்ததுதான். தொந்தி அடங்கவில்லை. உடுப்பின் தையல் சரியில்லை என்றான்.

தீவில் முதல் நாள் காலை, இடுப்பளவுத் தண்ணீரில் மண்டியிட்டுப் பயிற்சி. குழாயை வாயில் கவ்வி மூச்சுவிட வேண்டும், அவ்வளவுதான். கேசவ் தலையை உள்ளே விட்ட மறுகணம் குழாயைத் துப்பிவிட்டுப் பயிற்சியாளனின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். மூன்று தடவையும் அதேதான். பிறகு கருவியில் கோளாறு என்று அறிவித்துவிட்டுக் கரையேறி, நாற்காலியில் சாய்ந்து இளநீர் கேட்டான். பயிற்சியாளன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, சேச்சி வருகிறீர்களா என்று சுப்புலக்ஷ்மியைக் கேட்டான்.

அவள் போனாள். இறங்க இறங்கக் காது வலித்தது. மூக்கைப் பிடித்து ஊதினாள், விட்டது. நாற்பதடி ஆழத்தில், பச்சை மீனொன்று பவளத்தைக் கறுக் கறுக்கென்று கடிக்கும் சத்தம் கேட்டது. ஓர் ஆமை அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன்பாட்டுக்குப் புல் மேய்ந்தது. நாற்பத்தேழு வயதில், தன்னிடம் எதுவும் கேட்காத ஓர் உயிரை அவள் அன்றுதான் பார்த்தாள்.

கடலுக்கடியில் பயிற்சியாளன் அவளை எடுத்த படத்தைச் சாயங்காலமே கேசவ் தன் படமென்று ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டான். முகம் முழுக்கக் கண்ணாடியும் குழாயும், யாரென்று யார் கண்டார்கள் என்றான். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்ததற்காகச் சுப்புலக்ஷ்மிக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது.

சங்கக் கூட்டத்தில் அந்தப் படம் திரையில் ஆளுயரத்துக்கு நின்றது. கேசவ் சுறா, நீரோட்டம், மன உறுதி என்று அளந்துகொண்டிருந்தான். ஓய்வுபெற்ற ஆசிரியை சிவகாமியம்மாள், தண்ணீருக்கடியில் பேச முடியாதே, நன்றாக இருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது என்று கேட்டாள்.

கேசவ் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். "இப்படித்தான் மாமி. சூப்பர்னு அர்த்தம். கீழே பாதி நேரம் நான் இப்படியே வச்சிண்டிருந்தேன்."

சுப்புலக்ஷ்மி எழுந்தாள்.

"அது சூப்பர் இல்லை, கேட்டேளா. என்னை மேலே கூட்டிண்டு போங்கோன்னு அர்த்தம். படத்துல இருக்கற கையைப் பாருங்கோ, ரெண்டு விரலையும் வட்டமாச் சேர்த்திருக்கு. அதுதான் நன்னா இருக்கேன்னு அர்த்தம். அந்தக் கை என்னோடது."

கேசவ் இதை வேடிக்கையாக்கச் சிரித்துப் பார்த்தான். கூடச் சிரிக்க ஆளில்லை. சிவகாமியம்மாள் நாற்காலியைச் சுப்புலக்ஷ்மி பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, நீ சொல்லு என்றாள். அவள் அரைமணி நேரம் சொன்னாள். ஆமையைப் பற்றியே பத்து நிமிஷம்.

வீட்டுக்கு நடக்கும்போது, நாலுபேர் முன்னால் தன் மானத்தை வாங்கிவிட்டாள் என்று கேசவ் முணுமுணுத்தான்.

"உங்க மானம் இடுப்பளவு ஜலத்துலயே போயாச்சு," என்றாள் அவள்.

அடுத்த மாதம் கோவளத்தில் முறையான பயிற்சிக்குச் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் விடியும்போதே கிளம்பிவிடுவாள். உப்புமா வேண்டுமென்றால் கேசவ்தான் கிண்டிக்கொள்ள வேண்டும். சான்றிதழ் கைக்கு வந்த வாரம், முங்கப் பெண்டாட்டிக்குக் கற்றுக்கொடுத்ததே தான்தான் என்று அவன் வங்கியில் சொல்லிக்கொண்டு திரிவது அவள் காதில் விழுந்தது. பதில் சொல்லுமளவுக்கு அது ஒரு பேச்சாக அவளுக்குத் தோன்றவில்லை.