பிரித்துப் பார்க்காத மோட்டார்

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. நாங்கள் மூடிக் கொடுத்த மோட்டாரை நாங்களே மறுபடி பிரிக்க மாட்டோம். என் அப்பா கிணற்று மோட்டார் கட்டிய காலத்திலிருந்து வரும் வழக்கம் அது. மூடியின் ஆறு ஸ்க்ரூவையும் இறுக்கி, ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்பு நகப்பாலிஷால் ஒரு பொட்டு வைப்போம். பொட்டு உடையாமல் இருந்தால் உள்ளே இருப்பது எங்கள் கை வேலை. அதில் பிழை இருக்காது. பிழை இல்லாததை எதற்குப் பிரிக்க வேண்டும்?

மின்சார சைக்கிள்கள் பெருகியபோது நானும் அந்தப் பக்கம் திரும்பினேன். அவற்றின் மோட்டார் பின்சக்கரத்தின் நடுவிலேயே இருக்கிறது. ஒரு மழைக்காலம் போனால் போதும், பாதி வண்டிகள் உள்ளே துருவேறிக் கரகரவென்று வந்து நிற்கும். நான் மூடியைச் சுற்றி சிலிக்கான் பசை போட்டு, ஊசி நுழைய இடம் இல்லாமல் அடைத்துக் கொடுப்பேன். அப்படியும் சில திரும்பி வரத்தான் செய்தன. பொட்டைப் பார்ப்பேன், உடைந்திருக்காது. அப்படியென்றால் வண்டிக்காரர் செய்த கோளாறு என்று சொல்லி, வேறு சக்கரம் மாட்டி அனுப்பிவிட்டுப் பழையதைப் பின்னறையில் போட்டுவிடுவேன்.

என் சம்பந்தி ரொட்டி சுடுகிறவர். விடியற்காலையில் நாற்பது வீடுகளுக்கு அவரே வண்டியில் கொண்டு போய்க் கொடுப்பார். என் மகளைக் கொடுத்த வீடு என்பதால் அவர் வண்டியின் மோட்டாரை வேறு யார் கையும் படாமல் நானே அடைத்துக் கொடுத்தேன். அது நாலாவது மாதம் நடுத்தெருவில், கொட்டுகிற மழையில் நின்றுவிட்டது. நனைந்த ரொட்டிக் கூடையோடு இரண்டு மைல் தள்ளிக்கொண்டு நேராகக் கடைக்கு வந்தார். அப்போது கடையில் நாலு பேர் இருந்தார்கள். நான் குனிந்து பொட்டுகளைப் பார்த்தேன். ஆறும் அப்படியே இருந்தன.

"பைப்பை வச்சு அடிச்சுக் கழுவியிருக்கீங்க சம்பந்தி. நான் மூடினதுல தண்ணி போகாது" என்றேன்.

அவர் தலையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எங்க வீட்டுப் பைப்புல தண்ணி சொட்டுறதே பெரிசு. அதுல எங்க அடிச்சுக் கழுவ?"

நாலு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. செய்ததை ஒத்துக்கொள்ள ஒரு மனம் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அவர் வண்டியை அங்கேயே விட்டு, கூடையைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்து போனார். அவர் முதுகைப் பார்த்தபோது மனதுக்குள் ஏதோ உறுத்தியது. ஆனாலும் சொன்னது சொன்னதுதான் என்று இருந்தேன்.

பத்து நாள் கழித்து மகள் வந்தாள். வழக்கமாக நேரே அடுக்களைக்குப் போகிறவள், அன்று செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றாள். மாமனார் இப்போது நாற்பது வீட்டுக்கும் நடந்தே போகிறார் என்றாள். பதினைந்து வீட்டில் ரொட்டி நேரத்துக்கு வரவில்லை என்று நிறுத்திவிட்டார்களாம். கால் வீங்கியிருக்கிறதாம். வேறு மெக்கானிக்கிடம் போகலாமே என்று என் மருமகன் சொன்னதற்கு, சம்பந்தி கடையை விட்டு இன்னொரு கடைக்குப் போனால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று மறுத்துவிட்டாராம்.

"என்னை ஒரு வார்த்தை கேக்கல அவர். திட்டியிருந்தாக்கூட நிம்மதியா இருந்திருக்கும்" என்றாள். பிறகு கேட்டாள். "கண்ணால பாக்காததைச் சொல்லக்கூடாதுன்னு சொல்லித்தானேப்பா என்னை வளர்த்தீங்க. அந்த மோட்டாரைப் பிரிச்சுப் பாத்துட்டா சொன்னீங்க?"

அவள் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

அன்று பிற்பகல் கடையின் கதவைப் பாதி சாத்திவிட்டு அந்தச் சக்கரத்தை மேசைமேல் போட்டேன். முதல் பொட்டைச் சுரண்டி எடுத்தேன். மூடியைச் சுற்றி நான் போட்ட பசை அப்படியே இருந்தது, ஓர் இடத்திலும் விடவில்லை. மூடியை நெம்பித் தூக்கியதும் ஒரு கை அளவு பழுப்புத் தண்ணீர் மேசையில் வழிந்தது. காந்தங்களின் மேல் துரு பொருக்குப் பொருக்காக நின்றது.

நம்ப முடியாமல் பின்னறையில் கிடந்த நாலு சக்கரங்களையும் பிரித்தேன். மூன்றில் இதே கதை, அதே பழுப்புத் தண்ணீர். நாலாவது சக்கரம் தண்ணீர் கேன் சுமக்கிறவருடையது. பாரம் தாங்காமல் அதன் காயில் கம்பிச்சுருள் கருகியிருந்தது, ஆனால் துரு இல்லை. திருப்பிப் பார்த்தேன். மூடியின் விளிம்பில் கல் பட்டு ஒரு நெல் அளவுக்குச் சில்லு தெறித்து வழி விட்டிருந்தது. என் கணக்குப்படி முதலில் துருப்பிடித்திருக்க வேண்டிய மோட்டார் அதுதான்.

நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தேன். ஒயர் உள்ளே போகிற அச்சு குழாய்போல் துளையுள்ளது. ஓடிச் சூடான மோட்டாரின் மேல் மழை விழுந்தால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சுருங்கும்போது ஒயரை ஒட்டிய இடுக்கு வழியே வெளித் தண்ணீரை உறிஞ்சும். மற்ற வழியெல்லாம் நான் அடைத்துவிட்டேன். அதனால் வந்த தண்ணீருக்கு வெளியே போக இடமில்லை. சில்லு தெறித்த மோட்டாருக்கு மட்டும் அந்த வழி இருந்தது. எப்போதும் தண்ணீருக்குள்ளேயே கிடக்கும் கிணற்று மோட்டாரின் முறையை, வெயிலிலும் மழையிலும் ஓடுகிற வண்டிக்குப் போட்டிருக்கிறேன். ஒரே ஒரு தடவை பிரித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

துருவைச் சுரண்டி, காயிலுக்கு வார்னிஷ் பூசிக் காய வைத்தேன். பேரிங்கை மாற்றினேன். மூடியின் விளிம்பில் டிரில்லை வைத்தபோது அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. இருந்தும் துளை போட்டேன். சக்கரம் சுழலும்போது தண்ணீர் அதன் வழியே தெறித்துப் போய்விடும். ஒயரை அச்சுக்குக் கீழே தொங்கும்படி வளைத்துக் கட்டினேன். வழிகிற மழை அங்கேயே சொட்டிவிடும்.

மறுநாள் விடியுமுன் வண்டியை உருட்டிக்கொண்டு ரொட்டி அடுப்படிக்குப் போனேன். சம்பந்தி கூடையில் ரொட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். மகள் மாவுக் கையோடு நிமிர்ந்து பார்த்தாள்.

"தப்பு என்னோடது சம்பந்தி. நாலு பேர் முன்னாடி உங்களைச் சொன்னேன். அந்த நாலு பேர்கிட்டயும் நானே போய்ச் சொல்லிடுறேன்."

அவர் வண்டியைச் சுற்றி வந்து துளையை விரலால் தடவினார். "ஓட்டை போட்டுக் கொண்டாந்திருக்கீங்க" என்றார்.

"ஆமா. நான்தான் போட்டேன்."

"இதே மாதிரி அடைச்சது இன்னும் எத்தனை ஓடுது?"

பதினேழு என்றேன். நான் வீணாகக் குற்றம் சாட்டி அனுப்பிய மூன்று பேர் தனி. இன்றைக்கே எல்லார் வீட்டுக்கும் போகப் போவதாகச் சொன்னேன்.

"அதுல பாதிப் பேர் என் தெருவுலதான். ரொட்டியோட நானே சொல்லிடட்டுமா?"

"வேண்டாம். நான் மூடினது. நான்தான் சொல்லணும்."

அத்தனை வீட்டுக்கும் நடந்தேவா என்பதுபோல் அவர் என் காலைப் பார்த்தார். பிறகு அடுக்கி வைத்திருந்த ஒரு கூடையை எடுத்து என் கையில் கொடுத்தார். "அப்போ ஏறி உக்காருங்க. கூடை மடியில இருக்கட்டும். வளைஞ்சு உக்காந்தா ரொட்டி நசுங்கிடும்."

"அந்தக் கவலையே வேணாம் மாமா. எங்கப்பாவுக்கு வளையத் தெரியாது" என்றாள் மகள்.

சாலையில் முந்தின நாள் மழை தேங்கியிருந்தது. முதல் பள்ளத்தைத் தாண்டியதும் குனிந்து சக்கரத்தைப் பார்த்தேன். விளிம்பிலிருந்து ஒரு துளி தெறித்துப் போனது. முதல் வீட்டு வாசலில் அவர் ரொட்டியை எடுத்தார், நான் கதவைத் தட்டினேன்.